வாயில்லா உயிர்க்கு ஆணை வகுத்த வேந்தர்

ஆற்றுக்கும் ஆமைக்கும் சட்டத்தின் காவல் வேண்டும் என்று உலக நாடுகள் இன்று பேசுகின்றன. ஏறத்தாழ 2,260 ஆண்டுகளுக்கு முன்னரே அத்தகைய காவலைக் கல்லில் பொறித்து வைத்த மன்னர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே மௌரியப் பேரரசர் அசோகர்.

சந்திரகுப்தரின் பெயரரும் பிந்துசாரரின் மைந்தருமாகிய அசோகர், கி. மு. 268-ஐ ஒட்டிப் பாடலிபுத்திரத்தில் முடிசூடினார். எட்டாண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தை வென்றார். அப்போரில் மாண்டவர் 1,00,000 பேர். சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டவர் 1,50,000 பேர். இவ்வெண்களைத் தம் கல்வெட்டிலேயே பொறிக்கச் செய்து, வெற்றிக்காக வருந்தினார் அம்மன்னர். புத்தரின் அறம் அவர் உள்ளத்தை ஆட்கொண்டது.

மனிதர்பால் எழுந்த இரக்கம் விலங்குகள்பாலும் படர்ந்தது. முன்பு அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் நூறாயிரக்கணக்கான உயிர்கள் கொல்லப்பட்டன என்று அவரே கூறுகிறார். அத்தொகை பின்னர் இரண்டு மயிலும் ஒரு மானுமாகச் சுருங்கியது. மானும் எந்நாளும் இல்லை. இவற்றையும் இனிக் கொல்வதில்லை என உறுதி கூறினார். தம் அடுக்களைக் கணக்கைக் குடிகளுக்கு இவ்வாறு திறந்து காட்டிய அரசர் மிகச் சிலரே ஆவர்.

அவருடைய பாறைக் கல்வெட்டுகளை நமக்கு அண்மையில் காணவேண்டின், ஆந்திர நாட்டுக் கர்நூல் மாவட்டத்து எர்ரகுடிக்குச் செல்லலாம். மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்யப்பட்டதும், மூலிகை இல்லாத இடங்களுக்கு அவை கொண்டு செல்லப்பட்டு நடப்பட்டதும், வழிகளில் கிணறும் மரமும் அமைந்ததும் அங்குள்ள கல்வெட்டொன்றால் விளங்கும். இப்பணி அவர் ஆட்சி எல்லையோடு நிற்கவில்லை. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும், இலங்கையும், மேற்கே அந்தியோகன் என்னும் யவன மன்னனின் நாடும் அதில் குறிக்கப்பெற்றுள்ளன. நாடுகள் பலவும் சுற்றுச்சூழலைக் காக்க 1972-இல் ஸ்டாக்ஹோமில் கூடியதை அறிந்த நமக்கு இச்செய்தி வியப்பளிக்கும்.

முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் அவர் பிறப்பித்த ஆணையே எல்லாவற்றினும் சிறந்தது. கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி முதலியவற்றைக் கொல்லலாகாது. சூல்கொண்ட ஆட்டையும், பால்கொடுக்கும் ஆட்டையும், ஆறு மாதம் நிரம்பாத குட்டியையும் கொல்லலாகாது. குறித்த நாள்களில் மீன்களைக் கொல்லுதலும் விற்றலும் கூடா. வீணாகவோ, உயிர்களை அழிக்கும் பொருட்டோ காட்டைக் கொளுத்தலாகாது. உயிர்கள் உறையும் உமியையும் எரித்தல் ஆகாது. இவற்றோடு, உணவுக்கோ வேறு பயனுக்கோ உதவாத நாற்கால் விலங்குகளையும் அவர் காத்தார். மாணவர்களே, இங்குச் சற்று நின்று எண்ணுங்கள். பால் தரும் பசுவைக் காப்பவர் பலர். நமக்கு எப்பயனும் தராத உயிரைக் காக்க முற்பட்டவர் இவர்.

எனினும், அது மன்னரின் அருளேயன்றி அவ்வுயிர்களின் உரிமை அன்று. வௌவாலுக்காக மன்றம் ஏறி வழக்குரைப்பார் அன்று இல்லை. இன்றோ நிலை மாறி வருகிறது. 2008-இல் ஈக்வடார் நாடு இயற்கையின் உரிமைகளைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதியது. 2022 ஏப்ரலில், காட்டு நிலத்துக்குப் பட்டா வழங்கியது பற்றிய ஒரு வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையைச் சட்ட உரிமைகள் உடைய உயிருள்ள ஒருவராக அறிவித்தது. அத்தீர்ப்பின் நோக்கில், பெரியபாளையத்தின் பக்கமாக ஓடிப் பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் நம் ஆரணியாறும் வெறும் நீரோட்டம் அன்று.

அறம் பரவியது ஆணையாலன்று, அறிவுரையாலேயே மிகுதியும் என்று அசோகர் தம் பிற்கால ஆணையொன்றில் குறித்தார். நான் இதனை முற்றும் ஒப்பேன். அறிவுரை, சொல்பவர் மறைந்ததும் மெலிந்துவிடும். கி. மு. 232-ஐ ஒட்டி அவர் மறைந்தார். ஐம்பது ஆண்டு அளவில் மௌரியப் பேரரசும் முடிந்தது. பின்னர் அவர் எழுத்தையே மக்கள் மறந்தனர். இவ்வாணைகளைத் தாங்கிய தூண் ஒன்றைப் பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் தோப்ராவிலிருந்து தில்லிக்குக் கொணர்ந்தபோது, அதனைப் படிக்க வல்லார் ஒருவரும் இலர். வீமனின் ஊன்றுகோல் என்றே அதனைக் கூறினர். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர் அவ்வெழுத்தைப் படித்தறியும் வரை, வௌவாலையும் ஆமையையும் காத்த அவ்வாணை எவர்க்கும் விளங்காமலே வெயிலில் நின்றது.