தவளைத் தோலும் சிறுநீரகமும்

நம் சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் கரைந்துள்ள உப்பு முழுவதும் சிறுநீரோடு வெளியேறுமாயின் உயிர் தரிக்காது. நுண்குழல்களின் செல்கள் அதில் பெரும்பகுதியை மீட்டு இரத்தத்தில் சேர்க்கின்றன. அம்மீட்சி நிகழும் முறையை அறிய வழிகோலியவர், தவளைத் தோலை ஆராய்ந்த டென்மார்க் நாட்டு அறிஞர் ஹான்ஸ் உஸிங்.

1911ஆம் ஆண்டு பிறந்த உஸிங், இளமையில் கிரீன்லாந்துக் கடலின் மிதவை உயிரிகளை ஆராய்ந்தார். பின்னர்க் கோபன்ஹேகனில், நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் குரோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றினார். உப்பு மிகக் குறைந்த நன்னீரிலிருந்தும் தவளை தன் தோல்வழியே உப்பை ஈர்த்துக்கொள்வதைக் குரோக் கண்டறிந்திருந்தார். இது நீர் மேட்டை நோக்கி ஓடுவது போன்றது. உயிருள்ள தவளைத் தோலின் இருபுறங்களுக்கிடையே மின்னழுத்தம் உண்டு என்பதும் 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி. ஆயினும், செல் தன் ஆற்றலைச் செலவிட்டே சோடியத்தை நகர்த்துகிறது என்பதை ஐயமற நிறுவுவது எளிதாக இல்லை.

உஸிங் கண்ட வழி வியக்கத்தக்க எளிமை உடையது. தோலை இரு கண்ணறைகளுக்கிடையே பொருத்தி, இருபுறமும் ஒரே உப்புக்கரைசலை நிரப்பினார். வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தித் தோலின் மின்னழுத்தத்தைச் சுழியாக்கினார். இப்போது செறிவு வேறுபாடும் இல்லை. மின்னழுத்த வேறுபாடும் இல்லை. எனினும் மின்னோட்டம் நிற்கவில்லை. கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு அளந்தபோது, உள்நோக்கிச் சென்ற நிகரச் சோடியத்தின் அளவு அம்மின்னோட்டத்திற்கு ஈடாக இருந்தது. செரான் என்பவருடன் இணைந்து 1951இல் இதனை வெளியிட்டார்.

1958இல் கோஃபோட்-ஜான்சன் என்னும் பெண் அறிஞருடன் சேர்ந்து, செல்லின் இரு பக்கச் சவ்வுகளும் ஒரே தன்மையன அல்ல என்றார். வெளிப்பக்கச் சவ்வு சோடியத்திற்கும், உட்பக்கச் சவ்வு பொட்டாசியத்திற்கும் வழிவிடுகின்றன. உட்பக்கத்திலுள்ள ஏற்றி சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்வாங்குகிறது. அவ்வழிகளே அயனிக் கால்வாய்கள் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. சிறுநீரகச் சேகரிப்பு நாளத்தின் முதன்மைச் செல்களிலும் இதே அமைப்பைக் காணலாம். அங்குள்ள சோடியக் கால்வாய்கள் அளவுக்கு மீறிச் செயற்பட்டால் உடலில் உப்புத் தேங்கி இரத்த அழுத்தம் உயரும். அக்கால்வாய்களை அடைக்கும் அமிலோரைடு என்னும் மருந்து, தவளைத் தோலின் மின்னோட்டத்தையும் அடக்குகிறது.

அந்த ஏற்றியாகிய நொதியைக் கண்டறிந்த ஜென்ஸ் ஸ்கௌ என்னும் டென்மார்க் அறிஞர் 1997இல் நோபல் பரிசு பெற்றார். உஸிங்கிற்கு அப்பரிசு கிட்டவில்லை; கிட்டியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. அவர் 2000ஆம் ஆண்டு மறைந்தார். குடல், நுரையீரல் ஆகியவற்றின் படலங்களை ஆராய்வோர், அவர் பெயர் தாங்கிய கண்ணறையையே இன்றும் பயன்படுத்துகின்றனர்.