ருடால்ப் டீசல்

தம் பெயரே ஒரு பொருளின் பெயராகிவிடும் பேறு மிகச் சிலருக்கே வாய்க்கிறது. பம்ப் செட்டுக்கு எண்ணெய் வாங்கக் கேனைத் தூக்கிச் செல்லும் நம் ஊர் உழவரும், நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவரும் நாள் தவறாமல் ஒரு மனிதரின் பெயரைச் சொல்கிறார்கள். அது மனிதர் பெயர் என்பதை அறியாமலே சொல்கிறார்கள்.

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். பெற்றோர் பவேரியாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் அக்குடும்பம் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. லண்டனில் போய் ஒண்டியது. அங்கும் பிழைப்பு அரிதாகவே, பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். பாரிஸில் ஜெர்மன்காரர், ஜெர்மனியில் பாரிஸ்காரர்! பிறந்தது முதல் வடக்கே வளர்ந்து, தமிழைப் பாட்டியின் கடிதங்களிலும் கோடை விடுமுறைகளிலும் கற்றுக்கொண்ட எனக்கு, அவர் வரலாற்றில் இந்தப் பக்கத்தை விரைவாகப் புரட்ட முடியவில்லை. நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மியூனிக் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர், குளிர்பதன இயந்திரத்தால் புகழ் பெற்ற கார்ல் வான் லிண்டே. நீராவி இஞ்சின் தான் தின்னும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை என்பதை அவருடைய வகுப்பில் கேட்ட நாள் முதல் டீசலுக்கு வேறு நினைவே இல்லை. 1880-இல் மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் தேறி, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிலில் சேர்ந்தார். அம்மோனியா ஆவியைக் கொண்டு இஞ்சின் ஓட்டப் பல ஆண்டுகள் முயன்றார். அது கைகூடவில்லை.

பிறகு அவர் பற்றிக்கொண்டது ஓர் எண்ணை. அதற்கு அமுக்க விகிதம் என்று பெயர். பிஸ்டன் கீழே நிற்கும்போது அதன் மேலுள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்கு ஏறியபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். பிஸ்டன் கடக்கும் இடத்தை அளவுகோல் கொண்டே கணக்கிட்டு விடலாம். மிஞ்சும் இடமாகிய எரி அறை அவ்வளவு எளிதில் மசியாது. பிஸ்டன் தலையிலுள்ள குழி, வால்வுகளின் பள்ளம், மூடிக்கடியில் வைக்கும் கேஸ்கட்டின் கனம் எல்லாம் அதில் சேரும். ஆகவே திரவத்தை ஊற்றித்தான் அளக்க வேண்டும்.

எங்கள் சோதனைக் கூடத்தில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின் ஒன்று உண்டு. குறுக்களவு 87.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 110 மில்லிமீட்டர். இரு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இன்ஜெக்டரைக் கழற்றிய துளை வழியே பியூரெட்டிலிருந்து கனத்த எண்ணெயை விடுவோம். மண்ணெண்ணெயாக இருந்தால் பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் கசிந்து கணக்கைக் கெடுத்துவிடும். காற்றுக் குமிழி தங்காதபடி இஞ்சினைச் சற்றே சாய்க்க வேண்டும். துளையில் நிற்கும் எண்ணெயைக் கழிக்கவும் வேண்டும். பிஸ்டன் கடக்கும் இடம் 661 கன சென்டிமீட்டர், மிஞ்சுவது 40. இரண்டையும் கூட்டி 40-ஆல் வகுத்தால் 17.5 வருகிறது. எரி அறை ஒரே ஒரு கன சென்டிமீட்டர் கூடினாலும் விகிதம் 17.1-க்கு இறங்கிவிடும்.

டீசல் தம் பெயரையும் பொருளையும் பணயம் வைத்தது இந்த எண்ணின்மேல்தான். விகிதம் ஏற ஏற, வெப்பம் வேலையாக மாறும் பங்கும் ஏறும் என்பது வெப்ப இயக்கவியல் கண்ட உண்மை. ஆனால் அக்காலத்து கேஸ் இஞ்சின்களில் எரிபொருளும் காற்றும் கலந்தே அமுக்கப்பட்டன. அளவுக்கு மீறி அமுக்கினால் கலவை வேளைக்கு முன்பே பற்றிக்கொள்ளும். டீசல் கண்ட வழி, காற்றை மட்டும் தனியே அமுக்குவது. வெப்பம் வெளியேறாது என்று கொண்டால், 27 டிகிரிக் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக ஒடுக்கும்போது அதன் சூடு 630 டிகிரியைத் தாண்டும். அந்தக் கணத்தில் எண்ணெயைச் செலுத்தினால் பொறி இல்லாமலே தீப்பற்றும்.

1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893-இல் நூலும் வெளியிட்டார். அதில் அவர் கேட்டது 250 வளிமண்டல அழுத்தம்! அந்த அழுத்தத்தில் எரி அறை என்று சொல்லக்கூட இடம் மிஞ்சாது. கிடைக்கும் வேலையெல்லாம் உராய்விலும் அமுக்குவதிலுமே கரைந்துவிடும். இதை அவரே உணர்ந்து 30-க்கும் 40-க்கும் இடைப்பட்ட அழுத்தத்துக்கு இறங்கி வந்தார். நூலை எழுதியவரைவிட இறங்கி வந்தவரே எனக்குப் பெரியவராகத் தோன்றுகிறார். ஆயினும் இறங்கியதை ஊரறியச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கட்டிய இஞ்சின் காப்புரிமையில் எழுதிய இஞ்சின் அன்று என்று எதிரிகள் குத்திக்காட்டியதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடம் தந்தது. 1893 ஆகஸ்ட் 10-ஆம் நாள் முதல் சோதனையில் எரிபொருள் உள்ளே சென்றதும் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. தானே பற்றிக்கொள்ளும் என்ற கோட்பாடு மட்டும் மெய்ப்பட்டது. 1894 பிப்ரவரி 17-இல் இஞ்சின் தன் சொந்த வலுவில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடியது. சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1897-இல் அதே நாளில், பேராசிரியர் ஷ்ரோட்டர் புதிய இஞ்சினைச் சோதித்தார். 250 மில்லிமீட்டர் குறுக்களவும் 400 மில்லிமீட்டர் ஓட்டமும் உடைய அந்த இயந்திரம், எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கை வேலையாக்கியது. நீராவி இஞ்சினைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்!

பணம் குவிந்தது, வந்த வேகத்திலேயே கரைந்தும் போயிற்று. தொடக்க கால இஞ்சின்கள் அடிக்கடி பழுதாகித் திரும்பி வந்தன. வழக்குகளும், நிலங்களில் போட்ட பணத்தின் இழப்பும், உடல்நலக் கேடும் அவரை வாட்டின. 1912-இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் இஞ்சினோடு பெருங்கடலில் இறங்கியபோது, அதைப் படைத்தவர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

1913 செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, இங்கிலாந்து செல்ல ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவு உணவு அருந்திவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் பார்த்தபோது படுக்கை கலையாமல் இருந்தது. தற்கொலை என்றும் கொலை என்றும் அன்று எழுந்த பேச்சு இன்றும் ஓயவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டனர். சட்டைப் பையிலிருந்த சிறு பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டனர். அவை தம் தந்தையுடையவை என்று அடையாளம் காட்டியவர் மகன் ஆய்கன்.