முடிவிலியை அளந்தவர்

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அதனுடன் மேலும் ஒன்றைக் கூட்டலாம். ஆகவே எண்களுக்கு முடிவில்லை. இதைச் சிறுவரும் அறிவர். ஆனால் முடிவில்லாதவற்றுள்ளும் சிறியது, பெரியது என்ற வேறுபாடு உண்டா? நம் நாட்டுச் சமண நூலார் முடிவிலியைப் பல வகையாகப் பிரித்துப் பேசியதுண்டு. ஆயினும் ஒரு முடிவிலி மற்றொன்றினும் பெரியது என்பதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியவர் ஜார்ஜ் காண்டர் என்னும் கணித மேதையே. கணிதம் பயிலும் நாங்கள் அவர் வகுத்த கணக் கொள்கையை அன்றாடம் கையாளுகிறோம். பிற துறை நண்பர்களும் அவர் வரலாற்றை அறிதல் வேண்டும் என்ற அவாவினால் இதனை எழுதுகிறேன்.

காண்டர் 1845 ஆம் ஆண்டு மார்ச்சு 3 ஆம் நாள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் வணிகர், தாயார் இசைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1856 இல் குடும்பம் ஜெர்மனியில் குடியேறியது. மகன் பொறியியல் கற்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனின் உள்ளமோ கணிதத்தில் தோய்ந்திருந்தது. 1862 இல் தந்தையார் இசைந்தார்; அடுத்த ஆண்டே காலமானார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் வயர்ஸ்ட்ராஸ், கும்மர், குரோனெக்கர் ஆகிய மூவரிடமும் பயிலும் பேறு காண்டருக்கு வாய்த்தது. 1867 இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1869 இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். பெர்லினுக்கு மாற வேண்டும் என்று ஏங்கியவர், தம் வாழ்நாள் முழுவதும் அந்தச் சிறு பல்கலைக்கழகத்திலேயே பணியாற்ற நேர்ந்தது.

அவர் செய்தது என்ன? திருமணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலைக்கு ஒருவராக அனைவரும் அமர்ந்துவிட்டனர். இலையும் மிஞ்சவில்லை, இடமின்றி நிற்பவரும் இல்லை. அப்போது இலைகளையோ விருந்தினரையோ எண்ணாமலே, இரண்டும் சமம் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? இந்த எளிய வழியையே காண்டர் முடிவில்லாதவற்றுக்கும் கொண்டு சென்றார். 1, 2, 3, 4 என்ற எண்களுக்கு நேராக 1, 4, 9, 16 என்று அவற்றின் வர்க்கங்களை நிறுத்தினால் எதுவும் மிஞ்சாது. முழுமையும் அதன் ஒரு பகுதியும் சமமாகிவிடுகின்றன! இதனை 1638 ஆம் ஆண்டு நூலிலேயே கலிலியோ எடுத்துக் காட்டினார். சமம், மிகுதி, குறைவு என்ற சொற்கள் முடிவில்லாதவற்றுக்குப் பொருந்தா என்று கூறி அத்துடன் நின்றுவிட்டார். அவர் நின்ற இடத்தில் காண்டர் தொடங்கினார்.

பின்னங்கள் அனைத்தையும் 1, 2, 3 என்ற எண்களோடு இணை சேர்க்க முடியும் என்று அவர் கண்டார். தசம எண்கள் அனைத்தையும் அவ்வாறு சேர்க்க முடியுமா? முடியாது என்பதை 1873 டிசம்பரில் நிறுவினார். 1891 இல் அதற்கே மிக எளிய வேறொரு நிறுவலையும் தந்தார். சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட தசம எண்கள் அனைத்தையும் ஒருவர் வரிசையாகப் பட்டியலிட்டுவிட்டதாகக் கொள்வோம். முதல் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். அது 5 ஆனால் 6 என்றும், வேறானால் 5 என்றும் எழுதுங்கள். இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம், மூன்றாம் எண்ணின் மூன்றாம் இலக்கம் என்று இவ்வாறே தொடருங்கள். கிடைக்கும் புதிய எண், பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ஓர் இலக்கத்திலேனும் மாறுபடும். ஆகவே அது பட்டியலில் இல்லை! எத்தகைய பட்டியலாயினும் இதே கதிதான். தசம எண்களின் முடிவிலி, எண்ணும் எண்களின் முடிவிலியினும் பெரியது. இத்தனை பெரிய உண்மை இத்தனை சிறிய உபாயத்தால் வெளிப்படுவதை எண்ணி நான் வியக்காத நாள் இல்லை.

1877 இல் இன்னொரு புதுமை. ஒரு கோட்டுத் துண்டிலுள்ள புள்ளிகளும் ஒரு சதுரத்திலுள்ள புள்ளிகளும் சமம் என்ற முடிவு வந்தது. அந்நிறுவலைக் கண்ட பின்னும் காண்டராலேயே அதை நம்ப இயலவில்லை. நண்பர் டெடகிண்டுக்கு எழுதிச் சரிபார்க்கும்படி வேண்டினார். மனம் மறுத்தது, தர்க்கம் வற்புறுத்தியது. அவர் தர்க்கத்தின் பக்கம் நின்றார். அவருடைய பெருமை இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் பழைய ஆசிரியர் குரோனெக்கர் அந்தப் பக்கம் வரவில்லை. முழு எண்களிலிருந்து படிப்படியாக ஆக்கிக் காட்ட முடியாத எதையும் அவர் கணிதமாக ஏற்கவில்லை. காண்டரின் கட்டுரை வெளிவரத் தாமதமாயிற்று. 1884 இல் காண்டர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். குரோனெக்கரின் பகையே அவரை நோயாளியாக்கியது என்று பலர் எழுதியுள்ளனர். அது முழு உண்மையன்று. அந்நோய் உள்ளிருந்தே தோன்றி, மாறி மாறி வரும் இயல்புடையது என்றே இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர். எதிர்ப்பு வேதனையை மிகுத்திருக்கலாம். அதே ஆண்டில் காண்டரே குரோனெக்கருக்குச் சமாதானக் கடிதம் எழுதினார். 1890 இல் தம் முயற்சியால் தோன்றிய ஜெர்மன் கணிதக் கழகத்திற்கு முதல் தலைவரானதும், 1891 இல் கூடிய முதல் கூட்டத்தில் உரையாற்றக் குரோனெக்கரையே அழைத்தார். மனைவியை இழந்த துயரால் அவர் வர இயலவில்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே அவரும் மறைந்தார்.

நிற்க. காண்டரை வாட்டிய துன்பம் மற்றொன்றும் உண்டு. எண்ணும் எண்களின் முடிவிலிக்கும் தசம எண்களின் முடிவிலிக்கும் நடுவே வேறொரு முடிவிலி உண்டா? இல்லை என்பது அவர் துணிபு, நிறுவத்தான் இயலவில்லை. 1884 இல் நிறுவிவிட்டதாக நண்பருக்கு எழுதினார். பின்னர் அதற்கு மாறானதை நிறுவியதாக எழுதினார். மறுநாளே அதையும் மறுத்து எழுதினார். 1900 இல் ஹில்பர்ட், புதிய நூற்றாண்டு தீர்க்க வேண்டிய கணக்குகளை வரிசைப்படுத்தியபோது இதனையே முதலில் வைத்தார்.

இதற்கிடையே 1899 இல் இளைய மகன் ருடால்பின் மரணம் காண்டரை வருத்தியது. மருத்துவமனை வாசம் அடிக்கடி நேர்ந்தது. 1901 இல் ரஸ்ஸல், தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் அனைத்தின் கணம் தன்னுள் அடங்குமா என்று வினவினார். அடங்கும் என்றாலும் முரண், அடங்காது என்றாலும் முரண்! அதனால் கணக் கொள்கையின் அடித்தளமே ஆட்டம் கண்டது. 1908 இல் செர்மெலோ அதற்கு அடிப்படை விதிகள் வகுத்து ஊன்றுகோல் தந்தார். 1913 இல் காண்டர் ஓய்வு பெற்றார். உலகப் போரின் பஞ்ச காலத்தில், 1917 இல் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீட்டுக்கு அழைத்துச் செல்லும்படி மனைவிக்குக் கடிதங்கள் எழுதியவண்ணம் இருந்தார். வீடு திரும்பவில்லை. 1918 ஜனவரி 6 ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.

அவரை வாட்டிய அந்த வினா என்னவாயிற்று? வழக்கிலுள்ள கணக் கொள்கையின் விதிகள் தம்முள் முரண்படாதவை எனின், அவற்றைக் கொண்டு காண்டரின் துணிபைப் பொய்யென நிறுவ முடியாது என்று கெடல் 1938 இல் காட்டினார். மெய்யெனவும் நிறுவ முடியாது என்று 1963 இல் கோஹென் காட்டினார். காண்டர் தம் ஆற்றலின் குறை என்று எண்ணி நொந்தது, உண்மையில் அவ்விதிகளின் எல்லை. அவர் முட்டிய சுவருக்கு அப்பால் செல்லும் வழி அவற்றில் இல்லவே இல்லை.

நண்பர்களே, விடை கிடைக்காத வினாவோடு போராடியவரைத் தோற்றவர் என்று சொல்வது எளிது. காண்டர் அந்த வினாவைத் தெளிவாக எழுப்பியிராவிட்டால், கணிதத்தின் விதிகளுக்கு எல்லை எங்கே என்று தேடவும் நமக்குத் தோன்றியிராது. அந்த முடிவை அறிந்துகொள்ள அவர் இல்லாமற் போனாரே என்பதுதான் அவர் வரலாற்றைப் படிக்குந்தோறும் எனக்கு எழும் ஆற்றாமை.