சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே

மார்ச் 10, சாவித்திரிபாய் புலே நினைவு நாள். பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆசிரியை என்று அவரை நாம் அறிவோம். அவர் எப்படி இறந்தார் என்பதை அதிகம் பேசுவதில்லை.

மராட்டியத்தின் சாத்தாரா பகுதியில் உள்ள நாய்காவ் கிராமத்தில், 1831 ஜனவரி 3 அன்று மாலி சாதியில் பிறந்தார். ஒன்பது வயதில் ஜோதிராவ் புலேவுக்கு மணம் முடித்தார்கள். கணவரிடம் எழுதப் படிக்கக் கற்றார். 1848-ல் இருவரும் புனேயில் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். தீண்டப்படாதோர் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார்கள். தெருவில் போன சாவித்திரிபாய் மீது சாணியும் கல்லும் விழுந்தன.

பள்ளியோடு அவர்கள் நிற்கவில்லை. கருவுற்ற கைம்பெண்கள் பயமின்றிப் பிள்ளை பெற 1863-ல் ஓர் இல்லம் திறந்தார்கள். கைம்பெண் ஒருவர் பெற்ற யஷ்வந்த்தைத் தத்தெடுத்து டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள். பொதுக் கிணற்றை நெருங்க முடியாத மக்களுக்கு, 1868-ல் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார்கள்.

1890-ல் ஜோதிராவ் மறைந்தார். 1896-ல் மும்பையைத் தாக்கிய பிளேக், அடுத்து புனேவுக்கும் வந்தது. கடும் காய்ச்சல் அடிக்கும், அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், சில நாளில் உயிர் போகும். அன்று அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. அதிகாரிகளுக்கு அதிகாரம் வந்தது. சேரியில் காய்ச்சலோடு கிடப்பவரைத் தொட்டுத் தூக்க ஆள் வரவில்லை.

ராணுவத்தில் மருத்துவராக இருந்த மகனை சாவித்திரிபாய் வரவழைத்தார். புனேவுக்கு வெளியே இருவரும் சிகிச்சை முகாம் அமைத்தார்கள். நோயாளிகளைத் தேடிப் போய் அவரே அழைத்து வந்தார்.

முண்ட்வா கிராமத்து மகர் குடியிருப்பில் பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட் என்ற சிறுவனுக்கு பிளேக் கண்டது. 66 வயதான சாவித்திரிபாய் அவனை முதுகில் சுமந்து முகாமுக்குக் கொண்டுவந்தார். சிறுவன் பிழைத்தான். நோய் அவரைப் பற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார். யஷ்வந்த்தும் பின்னாளில் பிளேக் நோயாளிகளைக் கவனிக்கப் போய் அதே நோய்க்குப் பலியானார்.

டாக்டரும் முகாமும் இருந்தும் போதவில்லை. சேரியிலிருந்து முகாம் வரை ஒருவர் தொட்டுச் சுமக்க வேண்டியிருந்தது. நினைவு நாளில் படத்துக்கு மாலை போடும் நாம், நம் காலனிக்குள் ஆம்புலன்ஸ் வரப் பாதை இருக்கிறதா, கிராம செவிலியர் நம் வீட்டுப் படியேறி வருகிறாரா என்பதையும் கிராம சபையில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.