கணக்கு வாத்தியார் வைத்த முக்காற்புள்ளி

ஷாப்பிங் ஆப்பில் ஷூ தேடும்போது ஃபில்டர் போடுறீங்க இல்லையா? பிராண்ட், சைஸ், கலர், விலை என்று தனித்தனியாக டிக் பண்ணினால் லிஸ்ட் சுருங்கி வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களைக் கேட்டால் இதை ஃபேசெட்டட் சர்ச் என்பார்கள். ஒரு விஷயத்தை அதன் முகங்களாகப் பிரித்துப் பார்ப்பதற்கு 'ஃபேசெட்' என்ற சொல்லை நிலைக்கவைத்தவர் ஒரு சாஃப்ட்வேர் ஆள் என்று நினைத்தால் தப்பு. அவர் 1892-ல் சீர்காழியில் பிறந்த ஒரு கணக்கு வாத்தியார். பெயர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

நூலகத் துறையில் இருப்பவர்களுக்கு அவர் கடவுள் மாதிரி. நமக்கு, அதாவது லைப்ரரிக்கு ஏசிக்காகப் போகிறவர்களுக்கு, அவரை அவ்வளவாகத் தெரியாது.

மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜில் கணிதம் படித்தார். பேசும்போது திக்கும். அதை வைத்துக்கொண்டே மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை பிரசிடென்சி காலேஜ் என்று பாடம் நடத்தினார். வகுப்பறை அவருக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆனால் வாத்தியார் சம்பளம் கம்மி. அந்த நேரத்தில் மெட்ராஸ் பல்கலைக்கழகம் நூலகர் வேலைக்கு ஆள் எடுத்தது. நண்பர்கள் தள்ளிவிட, அப்ளிகேஷன் போட்டார். நூலகம் பற்றி அவருக்குத் தெரிந்தது எல்லாம் இன்டர்வியூவுக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரைதான். (நாம செமஸ்டருக்குத் தயாராகும் அதே ஸ்டைல்!) வேலை கிடைத்துவிட்டது.

1924 ஜனவரியில் சேர்ந்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மாணவர் முகமே இல்லாத அந்த அமைதி அவரைக் கொன்றது. பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று பிரசிடென்சிக்கே போய் நின்றார். லண்டன் போய் நூலகப் பயிற்சி எடுத்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பழைய இடம் உனக்குத்தான் என்று பேசி முடிவானது. இந்தச் சமரசம் நடக்காமல் போயிருந்தால் அவர் நல்ல கணக்கு வாத்தியாராக ரிட்டையர் ஆகியிருப்பார், அவ்வளவுதான்.

லண்டனில் ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது. அப்போது பல நூலகங்களில் டூயி முறை. இப்பவும் நம்ம லைப்ரரி புத்தக முதுகில் 621 என்று ஆரம்பிக்கும் எண் பார்ப்பீங்களே, அதேதான். அதில் உலகத்து அறிவையெல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் ரெடியாக இருக்கும். புதுசாக ஒரு துறை முளைத்தால்? இரண்டு துறை கலந்தால்? பட்டியலில் இடம் தேடி அலைய வேண்டியதுதான்.

ஒருநாள் லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ செட்டைப் பார்த்தார். அதே சில பட்டைகள், நட்டு, போல்ட்டு. கோத்துக் கோத்து பாலமும் செய்யலாம், கிரேனும் செய்யலாம். அங்கேதான் பொறி தட்டியது: எண்களைப் பட்டியல் போடக் கூடாது, துண்டுகளாகச் செய்து வைத்துவிட்டு, புத்தகம் வரும்போது கோத்துக்கொள்ள வேண்டும்! கோக்கும் நட்டு போல்ட்டாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளியை, அதாவது கோலனை. 1933-ல் புத்தகமாக வந்த 'கோலன் கிளாஸிஃபிகேஷன்' பிறந்த கதை இதுதான்.

ஓர் உதாரணம் பாருங்க. இந்தியாவில் 1950-ல் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றி நடந்த ஆராய்ச்சி என்று ஒரு நூல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவத்துக்கு 'எல்' எழுத்து. நுரையீரல் 45, காசநோய் 421, சிகிச்சை 6, எக்ஸ்ரே 253, இந்தியா 44. ஆராய்ச்சிக்கும் ஆண்டுக்கும் தனித்தனிக் குறி உண்டு. நடுவில் நிறுத்தக்குறிகளைப் போட்டு வரிசையாகக் கோத்தால் அந்தப் புத்தகத்தின் விலாசம் ரெடி. எந்த வரிசையில் கோப்பது? ஆள்தன்மை, பொருள், ஆற்றல், இடம், காலம். எந்தப் பாடத்தையும் இந்த ஐந்துக்குள் பிரித்துவிடலாம் என்றார். முதல் பதிப்பில் கோலன் மட்டும்தான் இருந்தது. ஒரே குறி எல்லா வேலையும் செய்தால் குழப்பம் வருகிறது என்று 1952-ல் வந்த நான்காம் பதிப்பில் ஒவ்வொரு முகத்துக்கும் தனிக் குறி கொடுத்தார். டீபக்கிங்தான், வேறென்ன.

எனக்கு அவரிடம் இதைவிடப் பிடித்தது பெயர் விவகாரம். ஃபாரின் அப்ளிகேஷனில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, பிறகு எல்லா மெயிலும் அப்பாவுக்கே வருவதைப் பார்த்திருப்பீங்க. கேட்டலாக் கார்டிலும் அதே தொல்லை இருந்தது. மேற்கத்திய விதி குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்லும். நம்மிடம் அது ஏது? எஸ் என்பது ஷியாளி, ஊர். ஆர் என்பது ராமாமிருதம், அப்பா. கடைசிச் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் பாதிப் பேர் 'அய்யர்', 'பிள்ளை' என்ற தலைப்பில் போய்க் குவிவார்கள். 1934-ல் வந்த 'கிளாஸிஃபைடு கேட்டலாக் கோட்' நூலின் விதிகளில் தென்னிந்தியப் பெயர்களுக்கு அவர் தனியாக இடம் ஒதுக்கினார். சாதியைக் குறிக்கும் சொல் கடைசியில் வந்தால், அதற்கு முன்னால் இருக்கும் சொந்தப் பெயரையும் சேர்த்தே முதலில் போட வேண்டும். சொந்தப் பெயர் தொலைந்தால் அந்த ஆள் எழுதிய புத்தகமும் தொலைந்த மாதிரிதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்பதில் அவர் பிடிவாதம். எண்ணத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என்று வேலையை மூன்றாகப் பிரித்தார். அலமாரியில் நீங்க தேடும் புத்தகம் நடுவில், நெருங்கிய பாடங்கள் இரு பக்கமும், சம்பந்தமே இல்லாதவை ஓரத்தில் என்ற அமைப்புக்கு கிரகணத்தின் நிழல், அரைநிழல் என்ற சொற்களைக் கடன் வாங்கினார். கணக்கு வாத்தியார் புத்தி எங்கே போகும்?

1928-ல் மெட்ராஸ் நூலகச் சங்கம் தொடங்க முன்நின்றார். 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக்கினார். நூலகச் சட்டம் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டு, அது 1948-ல் மெட்ராஸ் மாகாணத்தில் வந்தது. நாற்பதுகளின் நடுவில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தை விட்டு பனாரஸ் போனார், பிறகு டெல்லி. வாழ்நாள் சேமிப்பில் ஒரு லட்ச ரூபாயை மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதா பெயரையும் சேர்த்து நூலக அறிவியல் பேராசிரியர் இருக்கை அமைத்தார்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோலன் முறை ஜெயிக்கவில்லை. இந்தியாவிலேயே பெரும்பாலான நூலகங்கள் டூயிதான். காரணமும் புரிகிறது. புத்தக முதுகில் அத்தனை எழுத்தும் குறியும் ஒட்டினால் அடுக்குகிற ஊழியருக்குத் தலை சுற்றும். ஜெயித்தது அவருடைய யோசனைகள். 1950-ல் பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் தொடங்கியபோது பாட அட்டவணைக்கு அவருடைய சங்கிலி முறையைத்தான் எடுத்துக்கொண்டது. எண்ணின் கடைசித் துண்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல், இன்ஜினியரிங் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தலைப்பு எழுதுவது. லண்டனில் ஒரு ஆராய்ச்சிக் குழுவே அவருடைய ஃபேசெட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சொல் அப்படியே நடந்து நம்ம ஃபில்டர் வரை வந்துவிட்டது.

1962-ல், எழுபது வயதில், பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி மையம் தொடங்கி மறுபடி மாணவர்களோடு உட்கார்ந்தார். 1967-ல் கணித மேதை ராமானுஜன் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1972 செப்டம்பர் 27-ல் இறந்தபோதும் கோலன் முறையின் ஏழாம் பதிப்பு முடியாமல்தான் இருந்தது. அது 1987-ல் வெளிவந்தது.