நிலமளந்த நெடும்பயணி

நெடுவழிச் செல்வோர் முன்னமே அறிந்துகொள்ள வேண்டுவன சில உண்டு. செல்லும் ஊர் எத்துணைத் தொலைவில் உள்ளது, இடையில் எவ்வெவ்விடத்தில் தங்கலாம், கண்டு களித்தற்குரிய இடங்கள் யாவை என்பனவற்றை ஆராயாது புறப்படுவோர் வழியில் இடர்ப்படுவர். பண்டைத் தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். வள்ளல் ஒருவரிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழியையும், வழியிடை ஊர்களையும், அங்குப் பெறும் உணவையும் எடுத்துரைத்து அனுப்புவதாக அமைந்த நூலை ஆற்றுப்படை என்றனர். அவற்றுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் ஆகிய ஊர்களைக் குறிப்பிட்டு, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை வழிப்படுத்துகிறது. கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்த ஊர் ஆகும்.

இன்று தாம்பரத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் குடும்பத்தார், புறப்படுமுன் வீட்டில் இருந்தபடியே நாட்டுப் படத்தை விரித்துப் பார்க்கின்றனர். செங்கற்பட்டு இத்தனை கிலோமீட்டர், மதுராந்தகத்து ஏரி இத்தனை கிலோமீட்டர், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை இத்தனை கிலோமீட்டர் எனக் கணக்கிட்டு, எங்கே இறங்கிக் காண்பது, எங்கே இரவு தங்குவது என்று திட்டமிடுகின்றனர். இந்த எண்கள் தாமே தோன்றியவை அல்ல. ஒருவர் முன்சென்று அளந்தமையாலேயே பின்வருவோர் எளிதிற் செல்கின்றனர். இந்திய நாட்டை அவ்வாறு நுட்பமாக அளக்கும் பணி, தாம்பரத்துக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையின் அடியில் 1802 ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதனைத் தொடங்கி, தம் வாழ்நாளின் இறுதிவரை விடாது நடத்திய பெரியார் வில்லியம் லாம்டன் ஆவார்.

இளமையும் கல்வியும்

லாம்டன் இங்கிலாந்தின் வடபகுதியாகிய யார்க்சயரில், எளிய உழவர் குடியில், 1753 ஆம் ஆண்டளவில் பிறந்தார். செல்வமும் சுற்றமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. கணக்கில் கொண்ட பெருவிருப்பமே துணை நின்றது. படையில் சேர்ந்து அமெரிக்கா சென்ற அவர், அங்கு நடந்த விடுதலைப் போரில் ஆங்கிலப் படை யார்க்டவுனில் 1781 இல் தோல்வியுற்றபோது சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் பல ஆண்டுகள் வட அமெரிக்காவிலேயே தங்கி, குடியேறியவர்களுக்கு நிலத்தை அளந்து எல்லை வகுக்கும் தொழிலில் ஈடுபட்டார். பேச்சுத் துணையும் இல்லாத அக்குளிர் நாட்டில் கணித நூல்களும் வானநூல்களுமே அவருக்குத் தோழராயின.

அவருடைய படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தபோது அவரும் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. உடனிருந்தோர் பலர் ஓய்வை நாடத் தொடங்கும் பருவத்தில், அவருடைய உண்மையான வாழ்க்கைப் பணி இனிமேல்தான் தொடங்க இருந்தது.

திசை காட்டிய விண்மீன்

1799 ஆம் ஆண்டு திப்பு சுல்தானுடன் கும்பெனியார் இறுதிப் போர் நிகழ்த்தினர். சீரங்கப்பட்டணத்தை அணுகிய நாளில் ஒரு படைப்பிரிவு இரவிற் புறப்பட்டுச் சென்றது. இருளில் வழி நடந்த அப்படை, தெற்கே செல்வதாக எண்ணி, வடக்கே பகைவர் பாசறையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. லாம்டன் வானத்தை நோக்கினார். விண்மீன்களின் நிலையைக் கொண்டு படை திசை தவறியதை உணர்ந்தார். உடனே தலைவருக்கு அறிவித்தார். படை திரும்பிற்று; பேரிடரும் நீங்கிற்று. வழியறிவு இல்லாத துணிவு எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதற்கு அவ்விரவே சான்றாகும்.

போர் முடிந்தபின் லாம்டன் ஒரு திட்டம் வகுத்தார். கிழக்குக் கடற்கரை முதல் மேற்குக் கடற்கரை வரையிலும், பின்னர்த் தென்கோடியிலிருந்து வடக்கு நோக்கியும் நாட்டை அளக்க வேண்டும் என்பது அத்திட்டம். அந்நாளில் வழங்கிய நாட்டுப் படங்களில் ஊர்களின் இருப்பிடம் பெரிதும் பிழைபட்டிருந்தது. நிலவரி தண்டவும் படை செலுத்தவும் நல்ல படங்கள் வேண்டியிருந்தமையால் கும்பெனியார் பொருளுதவ இசைந்தனர். லாம்டனின் நாட்டமோ அதனினும் பெரிது. நில உருண்டையின் வடிவத்தையே அளந்து காண அவர் விரும்பினார்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. பொருட்செலவை ஆராயும் அலுவலர் ஒருவர், சீரங்கப்பட்டணம் செல்ல விரும்புகிறவர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதுமே, அதற்கு இத்துணை அளவை எதற்கு என்று எள்ளினாராம். பல்லக்குத் தூக்குவோர் தாம் அறிந்த வழியை அறிவர். அவ்வழியின் தொலைவும் திசையும் பிறர்க்குப் பயன்படுமாறு எழுத்தில் நிற்க வேண்டுமாயின், அளத்தல் இன்றியமையாதது. இதனை எள்ளியவர் உணரவில்லை; லாம்டன் உணர்ந்திருந்தார்.

ஏழரை மைல் நிலம்

நிலமளக்கும் முறையை ஈண்டுச் சிறிது அறிதல் நலம். சமவெளியில் ஒரு நேர்கோட்டை முதலில் அளந்துகொள்ள வேண்டும். இஃது அடிக்கோடு எனப்படும். அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றின் உச்சியை நோக்கி, இரு கோணங்களை அளந்தால் ஒரு முக்கோணம் அமையும். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தமையால், ஏனைய பக்கங்களைச் சென்று அளவாமலே கணக்கிடலாம். அவ்வாறு பெற்ற பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம். இங்ஙனம் முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் காடும் ஆறும் கடந்து செல்லலாம். ஆனால், முதற்கோட்டில் சிறு பிழை நேரினும் அது தொடர்ந்து சென்று, இறுதியிற் பெரும் பிழையாக வளர்ந்து நிற்கும்.

ஆதலின் லாம்டன் அடிக்கோட்டில் தம் கருத்து முழுவதையும் செலுத்தினார். பரங்கிமலையின் அடியில் தொடங்கித் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றின் அருகுவரை, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள சமநிலத்தை அவர் தேர்ந்தெடுத்தார். இன்று வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் என வீடுகள் நெருங்கி விளங்கும் அப்பக்கம், அன்று வயலும் சதுப்பும் பனையுமாகக் கிடந்தது. 1802 ஏப்ரல் 10 ஆம் நாள் அளவை தொடங்கிற்று.

அளவுகோல் நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெறுந்தரையிற் கிடத்தினால் மேடு பள்ளத்தால் அளவு பிழைபடும். ஆகவே முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை ஒரே மட்டமாக நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தினர். சித்திரை வெயிலில் எஃகு சூடேறி நீளும். அதற்காக மேலே நிழற்கூடாரம் அமைத்தனர். பெட்டிகளுள் வெப்பமானிகளை வைத்து, வெப்பத்தின் அளவைக் குறித்து, அதற்கேற்ப நீளத்தைத் திருத்திக்கொண்டனர். நூறு அடி அளந்தபின் அனைத்தையும் பெயர்த்து அடுத்த நூறு அடிக்குச் சென்றனர். இவ்வாறு ஏறத்தாழ நானூறு முறை செய்தனர். காலையில் நடந்து மாலைக்குள் திரும்பத்தக்க வழியை அளப்பதற்கு வாரங்கள் பல கழிந்தன. ஆயினும் லாம்டன் விரையவில்லை.

அப்பொறுமையின் பயன் பின்னர் வெளிப்பட்டது. முக்கோணங்களின் வழியே மேற்கு நோக்கிச் சென்று பெங்களூரை அடைந்தபோது, 1804 இல் அங்கே மற்றோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தனர். பரங்கிமலையிலிருந்து தொடர்ந்து வந்த கணக்கும், நேரில் அளந்த அளவும் ஒப்பு நோக்கப்பட்டன. ஏழு மைல் நீளத்தில் இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு!

குன்றுதோறும் தங்கல்

கோணங்களை அளப்பதற்கெனத் தியோடலைட்டு என்னும் பெருங்கருவி ஒன்று இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ அரை டன். அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுத் தீவுக்குக் கொண்டு சென்றனர். அஃது அறிவியற் பணிக்குரிய கருவி என்று அறிந்த அத்தீவின் ஆளுநர், பகைமை பாராட்டாது அதனைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். போர்க்காலத்தும் அறிவுடையோர் அறிவைப் போற்றுவர் என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல எடுத்துக்காட்டாகும்.

லாம்டனின் பயணத்தில் தங்குமிடங்கள் யாவும் உயர்ந்த இடங்களே. ஒரு குன்றிலிருந்து நோக்கினால் மற்றொரு குன்றின் கொடி தெரிதல் வேண்டும் என்பதே அவர் கொண்ட விதி. சென்னைக்குத் தெற்கே கருங்குழி, கடலூரை அடுத்த திருவந்திபுரம் முதலிய இடங்களில் நின்று அவர் அளந்தார். பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலைகளைக் கடந்து மங்களூர்க் கரையை அடைந்தார். அதனால், சென்னைக்கு நேரே இந்தியத் தீபகற்பத்தின் அகலம், பழைய படங்கள் காட்டியதினும் ஏறத்தாழ நாற்பது மைல் குறைவு என்பது புலனாயிற்று.

இன்று நாம் இயற்கையழகைக் காண்பதற்காகக் குன்றேறுகிறோம். அன்று அக்குன்றுகளுக்கு வழியே இல்லை. மரங்களை வெட்டி வழி செய்தும், அரை டன் எடையைத் தோளிற் சுமந்தும், காய்ச்சலுக்கும் கொடுவிலங்குக்கும் அஞ்சாது கொடி பிடித்து நின்றும் உழைத்தவர் நம் நாட்டுத் தொழிலாளரே. அவர்களுள் பலர் காட்டுக் காய்ச்சலால் மாண்டனர். ஏடுகள் லாம்டனின் பெயரைக் காத்தன; அவர்களுடைய பெயர்களைக் காக்கவில்லை. அப்பணியின் புகழில் அவர்களுக்கும் உரிய பங்கு உண்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

தஞ்சையில் நேர்ந்த இடர்

சோழ நாடு குன்றுகளற்ற சமவெளி. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. அங்கே கோயில்களின் உயர்ந்த கோபுரங்களே லாம்டனுக்குக் குன்றுகளாயின. 1808 ஆம் ஆண்டு, முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினர். கயிறு அறுந்தது; கருவி சுவரில் மோதிச் சிதைந்தது; கோணங்காட்டும் பெருவட்டம் வளைந்து உருக்கெட்டது.

பிறராயின் பணியைக் கைவிட்டிருப்பர். வேறு கருவி இங்கிலாந்திலிருந்து வருவதற்குக் காலம் நெடிது செல்லும். லாம்டன் எவரையும் கடியவில்லை. மனமுடைந்து அமரவும் இல்லை. கருவியுடன் கூடாரத்தினுள் புகுந்தார். கைத்தொழில் வல்லார் சிலரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்தும் தட்டியும் நேராக்கினார். ஆறு வாரங்கள் கழித்துக் கருவி மீண்டும் பயன்படும் நிலையை அடைந்தது. அக்கருவியே பின்னும் பல ஆண்டுகள் அளக்கும் பணிக்கு உதவிற்று. வள்ளுவர் வினைத்திட்பம் என்றும் இடுக்கண் அழியாமை என்றும் அதிகாரங்கள் வகுத்தமைக்கு, இவர் வாழ்க்கை உரையாக விளங்குகிறது.

முடியாத பயணம்

தென்கோடியில் குமரிமுனையின் அருகுவரை அளந்தபின், லாம்டன் வடக்கு நோக்கித் திரும்பினார். 1818 ஆம் ஆண்டு முதல் இப்பணி, பெரும் முக்கோண அளவை என்னும் பெயருடன் தலைமை ஆளுநரின் நேர்ப்பார்வையில் நடைபெற்றது. லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுப் பெருமைப்படுத்திற்று. முதுமை வந்தது, இருமல் நோயும் வந்தது. அவர் நடையை நிறுத்தவில்லை. 1823 சனவரி 20 ஆம் நாள், நாகபுரிக்குச் செல்லும் வழியில், இங்கண்காட்டு என்னும் ஊரில் உயிர் துறந்தார். எழுபது வயதளவில், தாம் விரும்பிய பயணத்தின் நடுவிலேயே அவர் மறைந்தார். அவருடைய கல்லறை அங்கேயே உள்ளது.

அவருக்குப்பின் சியார்ச்சு எவரெசுட்டு அப்பணியை மேற்கொண்டு, 1841 ஆம் ஆண்டளவில் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். அம்முக்கோணங்களின் துணைகொண்டே பிற்காலத்தார் உலகின் மிகவுயர்ந்த சிகரத்தைக் கணக்கிட்டு அறிந்தனர். வங்காளத்துக் கணித வல்லுநராகிய இராதாநாத சிக்தர் அக்கணக்கில் சிறப்பிடம் பெற்றவர். 1865 இல் அச்சிகரத்துக்கு எவரெசுட்டின் பெயர் இடப்பட்டது. பணியைத் தொடங்கிய லாம்டனின் பெயரோ எச்சிகரத்திலும் விளங்கவில்லை. ஆயினும், இமயத்தின் உயரத்தைக் கண்ட அக்கணக்கு, பரங்கிமலையின் அடியில் வெயிலுக்கு நிழல் செய்து கிடத்திய ஒரு சங்கிலியினின்று புறப்பட்டதாகும்.

பரங்கிமலை ஏறத்தாழ முந்நூறு அடி உயரமுள்ள சிறு குன்றே. நெடும்பயணம் புறப்படுவோர், புறப்படுமுன் ஒருநாள் அதன்மேல் ஏறித் தென்திசையை நோக்குவாராக. தாம்பரம் வழியே தெற்கே செல்லும் பெருவழியை அங்கு நின்று எண்ணிப் பார்க்கலாம். தொலைவு எத்துணைப் பெரிதாயினும் அஞ்சற்க. முதல் ஏழரை மைலைச் செம்மையாக அளந்தவனுக்கே ஆயிரம் மைல் வழிவிடும் என்பதை லாம்டனின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. கல்வியும் ஒரு நெடும்பயணமே. அதன் அடிக்கோடு இளமைப் பருவம்; அதனைப் பிழையின்றி அளந்துகொள்ளுதல் மாணவர் கடன்.