வேலையின்மையை எண்ணக் கற்றுக்கொடுத்தவர்: யார் இந்த வில்லியம் பெவரிட்ஜ்?

வேலையின்மை விகிதம் இத்தனை சதவீதம்னு அடிக்கடி செய்தி வருகிறது. கூடியதா, குறைந்ததா என்று விவாதமும் நடக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குள் யார் இருக்காங்க, யார் விடுபட்டாங்க? நூறு வருடங்களுக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் பொருளாதார அறிஞர் வில்லியம் பெவரிட்ஜ்.

ரங்பூரில் பிறந்த ஆங்கிலேயர்

1879 மார்ச் 5-ம் தேதி, அன்றைய வங்காளத்தின் ரங்பூரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா ஹென்றி, ஐ.சி.எஸ். அதிகாரி, நீதிபதி. அம்மா அனெட், கல்கத்தாவில் பெண்கள் பள்ளி தொடங்குவதற்காக இந்தியா வந்தவர். பின்னாளில் பாபர்நாமாவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர்தான்.

ஆக்ஸ்போர்டில் படித்த பெவரிட்ஜ், 1903-ல் கிழக்கு லண்டனின் டாய்ன்பி ஹால் என்ற சமூக சேவை மையத்தில் சேர்ந்தார். ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது.

துறைமுக வாசலில் கிடைத்த பாடம்

லண்டன் துறைமுக வாசல்களில் தினமும் காலையில் கூட்டம் கூடும். மேஸ்திரி கை காட்டும் ஆளுக்கு மட்டும் அன்றைக்கு வேலை. மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். வேலை இல்லாதவன் சோம்பேறி, குடிகாரன் என்பதே அன்றைய பொதுப்பேச்சு.

பெவரிட்ஜ் கணக்கை வேறு மாதிரி பார்த்தார். உதாரணத்துக்கு, 10 வாசல்கள் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். கப்பல் நிறைய வரும் நாளில் ஒவ்வொரு வாசலுக்கும் 100 பேர் தேவை. அதனால் எல்லா வாசலிலும் 100 பேர் காத்திருப்பார்கள், மொத்தம் 1,000 பேர். ஆனால் எல்லா வாசலிலும் ஒரே நாளில் கப்பல் குவியாது. ஒட்டுமொத்தமாக 700 பேரே போதும். மீதி 300 பேர் எவ்வளவு நல்ல உழைப்பாளியாக இருந்தாலும் அன்றைக்கு வேலை கிடைக்காது. தப்பு ஆளிடம் இல்லை, ஆள் எடுக்கும் முறையில் இருக்கு. 1909-ல் வெளியான அவரது நூலின் அடிப்படை வாதம் இதுதான்.

ஆனாலும் அவரிடம் இருண்ட பக்கமும் உண்டு. எந்த வேலையிலும் நிலைக்க முடியாதவர்களின் குடியுரிமைகளைப் பறிக்கலாம் என்று இளம் வயதில் எழுதியவர் அவர்.

எத்தனை வகை?

1909 நூலிலும், 1944-ல் எழுதிய இன்னொரு நூலிலும் அவர் காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்தார். இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் வகைகள் இவை:

- பருவகால வேலையின்மை: குளிர்காலத்தில் கட்டட வேலை நின்றுபோவது.
- சுழற்சி வேலையின்மை: வியாபார மந்தம் வந்து எல்லாத் தொழிலும் ஒன்றாகச் சரிவது.
- அமைப்புசார் வேலையின்மை: ஒரு தொழிலே நலிந்துபோய், தெரிந்த வேலைக்குத் தேவை இல்லாமல் போவது.
- பிறழ்ச்சி வேலையின்மை: வேலையும் இருக்கு, ஆளும் இருக்கு, ரெண்டும் சந்திக்கவில்லை.

வகை தெரிந்தால்தான் மருந்து தெரியும். மந்த காலத்தில் தொழிற்பயிற்சி மட்டும் கொடுத்தால், பயிற்சி முடித்தவரும் வேலையில்லாமல்தான் நிற்பார்.

எண்ணியது எப்படி?

அதுவரை பிரிட்டனில் இருந்த புள்ளிவிவரம், தொழிற்சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களைப் பற்றித் தந்த கணக்கு. துறைமுகக் கூலிகளில் பெரும்பாலோர் அதில் வரவே இல்லை.

1908-ல் வின்ஸ்டன் சர்ச்சில் தலைமையில் இருந்த வர்த்தக வாரியத்தில் பெவரிட்ஜ் சேர்ந்தார். 1910 பிப்ரவரியில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அவற்றின் இயக்குநர் அவரே. 1911 சட்டம் சுமார் 22.5 லட்சம் தொழிலாளர்களுக்கு வேலையின்மைக் காப்பீடு தந்தது. உதவித்தொகை வாங்கப் பதிவு செய்யணும் என்பதால், அந்தப் பதிவேடே புள்ளிவிவரமாகவும் ஆனது.

1932-ல் காப்பீடு பெற்ற தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. ஆள் எடுக்கும் முறையைச் சீர்செய்தால் மட்டும் போதாது என்பதை அந்தப் பெருமந்தம் காட்டியது.

1942 டிசம்பரில் வந்த அவரது அறிக்கை, பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடித்தளமானது. ஆனால் திருமணமான பெண்களைக் கணவரின் காப்பீட்டோடு சேர்த்துப் பார்த்ததற்காக அப்போதே விமர்சனம் எழுந்தது. 1944 நூலில் முழு வேலைவாய்ப்புக்கு இலக்கணம் சொன்னார்: வேலை தேடும் ஆட்களைவிடக் காலியிடங்கள் அதிகமாக இருக்கணும், வேலையின்மை 3 சதவீதத்துக்குள் அடங்கணும். காலியிடங்களையும் வேலையின்மையையும் ஒப்பிடும் பெவரிட்ஜ் வளைகோடு, அவர் பெயரில்தான் இருக்கிறது. 1963 மார்ச் 16-ல் காலமானார்.

நமக்கு என்ன சம்பந்தம்?

இந்தியாவில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-ல், போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்காகத் தொடங்கப்பட்டன. ஆனால் அங்கே பதிந்தவர் எல்லாரும் வேலையில்லாதவர் இல்லை, வேலையில்லாதவர் எல்லாரும் பதிவதும் இல்லை. அதனால்தான் இப்போது வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதன் வாராந்திர அளவுகோல்படி, ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே நீங்கள் வேலையில் இருப்பவர்தான்.

பெவரிட்ஜ் துறைமுக வாசலில் பார்த்த மாதிரி, வாரத்தில் ஒரே ஒரு நாள் கூலி கிடைத்தவரும் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர். அடுத்த முறை வேலையின்மை சதவீதம் செய்தியில் வந்தால், அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துப் படியுங்கள்.